சூட்டு உளி செய்ய எந்த இரும்பு? காயலான் கடை அயிட்டங்கள் ஓர் அலசல்

கொல்லைப்புறத்தில் சின்னதாக உலை போட்டு, ஒரு ப்ளோயரை மாட்டிக் கரியை மூட்டிவிட்டீர்கள் என்றால் சுத்தியல், குறடுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது சூட்டு உளி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் துண்டிக்க, நெடுக்காகப் பிளக்க, துளைக்கு வாய் திறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஹார்டுவேர் கடை வெட்டிரும்பு இதற்குச் சரிவராது. அது குளிர்ந்த இரும்புக்கானது, முனை 60 டிகிரி வாக்கில் மொட்டையாக இருக்கும். சூட்டு உளிக்கு 30 டிகிரி போதும், மெலிசாக இறங்க வேண்டும். அதனால் நாமே அடித்துக்கொள்வதுதான் வழி. எந்த இரும்பில் என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து.

பலரும் முதலில் கை வைப்பது டிஎம்டி கம்பியில். வீடு கட்டிய மிச்சம், காசில்லை, 25 எம்எம் துண்டு கையில் பிடிக்க வாகாக இருக்கிறது, அரத்தால் தேய்த்துப் பார்த்தால் மேல்தோல் நல்ல கடினமாகவும் தெரிகிறது. ஆனால் அந்தக் கடினம் ஆலையில் சூடாக இருக்கும்போதே தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைத்ததால் வந்தது. நீங்கள் உலையில் ஒருமுறை பழுக்க வைத்ததுமே அது போய்விடும். மறுபடி தோய்ச்சல் கொடுத்து, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி, கடினமாக்கலாமே என்றால் அதற்குக் கார்பன் வேண்டும். ஐஎஸ் 1786 தரநிலைப்படி எஃப்இ 500 ரகக் கம்பியில் கார்பன் 0.30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 500டி என்றால் 0.25. என் முதல் உளி இதில் செய்ததுதான். மூன்றாவது வெட்டிலேயே முனை வெற்றிலை மாதிரி சுருண்டுகொண்டது. குறடு செய்யக் கம்பி போதும், உளிக்கு வேண்டாம்.

இதற்கு நேர் எதிர்க்கோடி பேரிங் வளையம், அதாவது ஈஎன்31 வகை எஃகு. கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூடவே குரோமியம். கேட்கவே ஆசையாக இருக்கும். எனக்கும் இருந்தது. நிமிர்த்தி அடித்து, உளியாக்கி, பழக்கதோஷத்தில் தண்ணீரில் விட்டேன். ‘டிங்’ என்று ஒரு மெல்லிய சத்தம், வெளியே எடுத்தால் முனையிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மயிரிழை விரிசல். எண்ணெயில் விட்டிருந்தால் தப்பியிருக்கலாம், ஆனால் அதுவும் பெரிய நிம்மதி இல்லை. அதிகமாகச் சூடேற்றினால் சுத்தியலுக்கடியிலேயே உதிரும், சூடு குறைந்தபின் அடித்தாலும் விரியும். கத்தி செய்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

யோசித்துப் பார்த்தால் சூட்டு உளிக்கு அவ்வளவு கடினமே தேவையில்லை. வெட்டப்படும் இரும்பு 900 டிகிரிக்கு மேல் களிமண் பதத்தில் இருக்கிறது. அதைத் தொட்டுத் தொட்டு உளி முனையும் சூடேறும், எப்படிப் பார்த்துப் பார்த்துத் தோய்ச்சல் கொடுத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகத்தான் செய்யும். அப்போது முறியாமல் இருக்கிறதா, திரும்ப உலையில் வைத்து அரைமணியில் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கணக்கில் லாரிப் பட்டை, அதாவது லாரியின் பாரம் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை, நல்ல மார்க் வாங்கும். சிலிக்கன், மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் எஃகு, கார்பன் 0.5 முதல் 0.6 வரை. நம்மூர் அருவாள் பட்டறைகளில் காலங்காலமாக ஓடுகிற சரக்கு. குறை அதன் வடிவத்தில்தான்: பட்டையாக, அகலமாக இருப்பதால் நெடுக்காக அறுத்து எடுக்க வேண்டும், கிரைண்டர் சக்கரம் இரண்டு தேய்ந்துபோகும், அப்புறமும் கையில் பிடிக்கத் தகடு போலவே இருக்கும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம்.

என் ஓட்டு கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷினின் தேய்ந்த பிட்டுக்கு. கெட்டியான தண்டு, அடி வாங்கவே பிறந்தது, முனை ஏற்கெனவே பாதி உளி. ஒரு பிட்டை நடுவில் அறுத்தால் இரண்டு உளி. எங்கள் பக்கத்து ஆசாரி இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு அடிக்கிற வேலையே இல்லையே, தீட்டுனா போச்சே” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் முனையை அடித்து மெலிதாக்கிக்கொண்டேன்.

தண்டவாளத் துண்டு பற்றியும் சிலர் சொல்வார்கள். எஃகு நல்லதுதான், ஆனால் பில் இல்லாமல் கையில் வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் வீட்டுக்கு வரும். விடுங்கள்.

காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் எச்13 என்கிற கருவி எஃகு. 5 சதவீதம் குரோமியம், மாலிப்டினம், வெனடியம் எல்லாம் சேர்ந்தது. அலுமினிய டை காஸ்டிங் அச்சுகளுக்குப் போகிற சரக்கு, 500 டிகிரி சூட்டிலும் இளகாது. ஆனால் சுத்தியலால் அடித்தால் கை கழன்றுவிடும், 1000 டிகிரிக்கு மேல் ஏற்றிக் காற்றிலேயே ஆறவிட வேண்டும், வேலை நடுவே தண்ணீரில் முக்கினால் விரிசல் விழவும் வாய்ப்புண்டு. நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு லாபம், ஞாயிற்றுக்கிழமை கொல்லருக்கு வீண் செலவு.

பிரேக்கர் பிட்டுக்கு நான் செய்வது இவ்வளவுதான். முனை ஓர் அங்குலம் மட்டும் காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுத்ததும் இளஞ்சூடான எண்ணெயில் விடுகிறேன். தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மெல்லச் சூடு ஏற்றினால் வைக்கோல் நிறம் ஓடிவரும், பிறகு கத்தரிப்பூ நிறம்; அது நீலமாகத் திரும்பும்போது நிறுத்திவிடுகிறேன். தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கூடவே கூடாது, சம்மட்டி பட்டுச் சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். வெட்டும்போது மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை முனையைத் தண்ணீரில் தொட்டு எடுக்கிறேன். போன வருடம் செய்த உளி இப்போது இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது, இன்னும் வெட்டுகிறது.