பிரசங்கத்துக்கு விளக்கவுரை: என் மேசையில் தங்கியவை

பிரசங்கம் தயாரிக்க வேதாகம விளக்கவுரை வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: செட்டாக வாங்காதீர்கள். அடுத்து வேதாகமத்தின் எந்தப் புத்தகத்திலிருந்து பேசப்போகிறீர்களோ, அதற்கு மட்டும் ஒன்று, ஆசிரியர் யார் என்று பார்த்து வாங்குங்கள். ஒரே வரிசையில் வந்த தொகுதிகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

இத்தனை வருடங்களில் நான் அதிகம் புரட்டியது கோர்டன் ஃபீ எழுதிய முதலாம் கொரிந்தியர் விளக்கவுரை. 1987-ல் வந்த தடித்த புத்தகம். கிரேக்க விவாதங்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புக்குப் போய்விடுவதால், கிரேக்கம் படிக்காதவரும் மேலே உள்ளதைத் தடங்கலில்லாமல் வாசிக்கலாம். 2014-ல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது. பழையது மலிவாகக் கிடைத்தால் பிரசங்கத்துக்கு அதுவே போதும்.

அதில் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திருவிருந்து ஆராதனையில் நாம் 27ஆம் வசனத்தை மட்டும் எடுத்து, அவரவர் மறைவான பாவத்தை ஆராயச் சொல்லிப் பேசுவது வழக்கம். ஃபீ நம்மை 17ஆம் வசனத்திலிருந்தே வாசிக்க வைக்கிறார். சபை கூடியது வசதியுள்ள ஒருவரின் வீட்டில். அந்தக் கால வீட்டின் உணவறையில் ஏறக்குறைய பத்துப் பேர்தான் சாய்ந்து சாப்பிட முடியும். மற்றவர்களுக்கு முற்றம்தான் இடம். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் கொதிப்பது அந்தப் பந்தி பேதத்தைப் பார்த்துத்தான். இதை வாசித்தபிறகு பழைய பிரசங்கக் குறிப்பை வைத்துக்கொண்டு என்னால் பீடத்தில் நிற்க முடியவில்லை, புதிதாக எழுதினேன்.

ஆனால் அதை நம் சபைக்குக் கொண்டுவரும் வேலையை ஃபீ செய்ய மாட்டார், நாம்தான் செய்ய வேண்டும். திருவிருந்தில் சாதி பார்ப்பது தமிழ்ச் சபைகளின் பழைய புண். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே விலகினார்கள். கொரிந்துவின் முற்றத்தையும் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வசனம் நம்மேல் விழும்.

இந்த இடைவெளியை நிரப்ப 2015-ல் வந்த தெற்காசிய வேதாகம விளக்கவுரை உதவுகிறது. பிரையன் விண்டில் பொதுப் பதிப்பாசிரியர். எழுதியவர்கள் நம் பகுதி ஆட்கள். வேதம் முழுவதும் ஒரே தொகுதிக்குள் இருப்பதால் கடினமான வசனத்தில் இரண்டு வரியோடு நகர்ந்துவிடும். அதனால் இதை மட்டும் நம்பிப் பிரசங்கம் தயாரிக்க முடியாது.

புதிய ஏற்பாட்டுக்கு விளக்கவுரை எழுதிய வில்லியம் பார்க்லே பலருக்குப் பிடித்தவர், எனக்கும்தான். யூத வழக்கம், ரோமர் வாழ்க்கை என்று பின்னணியை அவ்வளவு எளிமையாகச் சொல்ல ஆளில்லை. அற்புதங்களில் மட்டும் கவனம் தேவை. இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பகுதியில், ஜனங்கள் ஒளித்துவைத்திருந்த சாப்பாட்டை எடுத்துப் பகிர்ந்தார்கள் என்ற விளக்கத்தையும் ஏற்கத்தக்கதாக முன்வைக்கிறார். நான் அவரிடம் பின்னணியை எடுத்துக்கொள்வேன், முடிவை வசனத்திடம் விட்டுவிடுவேன்.

பழைய ஆங்கில விளக்கவுரையாளர் மத்தேயு ஹென்றி கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறார். பயன்பாட்டுக் கருத்துகளுக்கு இன்றும் ஊற்று. 1714-ல் அவர் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடிந்திருந்தது. ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை சக ஊழியர்கள் எழுதி முடித்தார்கள். ரோமரில் மேற்கோள் காட்டி 'மத்தேயு ஹென்றி சொல்கிறார்' என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம், சங்கீதத்துக்கு டெரெக் கிட்னர். சிறிய இரண்டு தொகுதிகள். ஒரு சங்கீதத்துக்கு இரண்டு, மூன்று பக்கம்தான். அதில் வீண் வரி இருக்காது. சனிக்கிழமை ராத்திரி நேரம் குறைவாக இருக்கும்போதுகூட முழுதாக வாசித்துவிடலாம்.

எதை வாங்கினாலும், நீங்கள் பகுதியைப் பலமுறை வாசித்து, கேள்விகளைத் தாளில் எழுதிய பிறகு அதைத் திறவுங்கள். கடையிலோ இறையியல் கல்லூரி நூலகத்திலோ ஒரு விளக்கவுரையைச் சோதிக்கவும் இதே வழிதான்: உங்களுக்குப் புரியாத ஒரு வசனத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பாருங்கள். நழுவிப் போயிருந்தால் திருப்பி வைத்துவிடலாம்.