பாம்படத்துக்கு ஒட்டுத்தாள், கன்னத்துக்கு வெறுங்கை

பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் வேலைகளில் பாதி, மறைந்துபோன தாத்தா, ஆச்சிமாரின் படங்கள். உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் தந்து, "ஆச்சி எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்க வேண்டும்" என்பார்கள். காற்றால் நிறத்தைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷ் பிடிப்பவருக்கு இதில் இரண்டு வழிகள். ஒட்டுத்தாளால் பரப்பை மறைத்து, வெட்டித் திறந்த இடத்தில் மட்டும் நிறம் தெளிப்பது ஒன்று. எதையும் ஒட்டாமல் வெறுங்கையாகத் தெளிப்பது இன்னொன்று. ஒட்டுத்தாள் தொட்டாலே அது கைவேலை இல்லை என்பவர்களும், வெறுங்கை என்றால் படம் மங்கலாகிவிடும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் தவறான இடத்தில் நிற்கிறார்கள் என்பேன். பார்க்க வேண்டியது விளிம்பை.

அண்மையில் வரைந்த ஓர் ஆச்சியின் காதில் பாம்படம். தங்கத் தகட்டுக்குள் அரக்கு வைத்துச் செய்த நகை அது; கட்டம், உருண்டை, தட்டு என ஒவ்வொரு துண்டும் கணக்காக நிற்கும். அதன் முகப்பில் வெளிச்சமும் நிழலும் ஒரு மயிரிழையில் பிரிகின்றன. அந்தக் கோட்டை வெறுங்கையால் தெளித்துப் பார்த்தேன், தங்கம் மெழுகாகிவிட்டது. ஒட்டுத்தாளை ஒட்டி, ஒவ்வொரு முகப்பாகத் திறந்து தெளித்ததும் உலோகம் பளிச்சென்று எழுந்தது. வெட்டும்போது கத்தியின் பாரம் தாளோடு நிற்க வேண்டும். அழுத்திவிட்டால் கீழே பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறலில் நிறம் தேங்கிக் கறுப்புக் கோடாகிவிடும்.

அதே ஒட்டுத்தாளைக் கன்னத்தில் வைத்தால் முகம் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். தோலில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அங்கே வெறுங்கைதான். கன்னத்துக்கு மூன்று அங்குலம் தள்ளி நின்று, மெல்லிய பூச்சாகப் பத்துப் பதினைந்து தடவை போக வேண்டும். சுருக்கக் கோடுகளுக்குக் கிட்டே போய், காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அழுத்தம் குறையாமல் நெருங்கினால் நிறம் சிலந்திக் கால்போல் நாலாபுறமும் ஓடிவிடும்.

மூக்கு மடலும் இமை மடிப்பும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மென்மை. ஓஎச்பி ஷீட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வளைவை வெட்டி, பரப்பில் ஒட்டாமல் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்துத் தெளித்தால் அந்த விளிம்பு கிடைக்கிறது. உயரத்தைக் கூட்டக் கூட்ட விளிம்பு கரையும். என் வேலையில் அதிகம் கைகொடுப்பது இந்த வழிதான்.

அடுத்த போட்டி, நரைமுடிக்கு வெள்ளை தெளிப்பதா, சுரண்டி எடுப்பதா என்பது. கருமையின் மேல் மெல்லியதாகத் தெளித்த வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். ஆச்சியின் தலையில் பனி படர்ந்தது போலிருக்கும். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967-68இல் கிட்டத்தட்ட ஒன்பது அடி உயரத்தில் தன் முகத்தை வரைந்தபோது வெள்ளை நிறத்தையே தொடவில்லை. ஏர்பிரஷில் கறுப்பு அக்ரிலிக் மட்டும் தெளித்து, துணியின் வெண்மையை ஒளியாக விட்டார். முடிக்கு பிளேடால் சுரண்டினார். நானும் சுரண்டும் கட்சிதான். ஆனால் அதற்குத் தடித்த வழவழப்பான தாளும், ஒளி ஊடுருவும் மெல்லிய நிறமும் வேண்டும். நிறம் தடித்துப் படிந்திருந்தால் பிளேடு அதைச் செதிலாகப் பெயர்த்துவிடும்.

கருவியில் எனக்குக் குழப்பமே இல்லை. அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் நிறம் என்னும் டபுள் ஆக்‌ஷன், மேலே நிறக் கோப்பை வைத்தது, நிறம் வெளியேறும் துளையான நாசில் முகத்துக்கு 0.2 மில்லிமீட்டர், பின்னணிக்கு 0.5. சிங்கிள் ஆக்‌ஷனில் நிறத்தின் அளவைத் திருகித்தான் மாற்ற முடியும்; ஒரே வீச்சில் தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடு அதில் வராது. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் காற்றுத்தொட்டி அவசியம். தொட்டி இல்லாவிட்டால் காற்று துடித்துத் துடித்து வரும். மின்சாரம் போனாலும் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றில் பாதியில் நிற்கும் வீச்சை முடித்துவிடலாம்.

நிறத்தில் மை நல்லதா, அக்ரிலிக் நல்லதா என்பதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு பதில் சொல்லும். சித்திரையில் அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஈரத் தூரிகையால் நுனியைத் துடைத்தாக வேண்டும். மைக்கு அந்தத் தொல்லை குறைவு, குறைந்த காற்றழுத்தமே போதும். ஆனால் சாய மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். முற்றத்து வெயில் எட்டும் சுவரில் மாட்டப் போகும் படத்துக்கு நான் அதைத் தொட மாட்டேன். அக்ரிலிக்கைப் பால்பதத்துக்குக் கரைத்து, உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டு சேர்த்து, அதிகாலையில் உட்கார்ந்துவிடுவேன். மூக்கை மறைக்கும் முகக்கவசம் இரண்டுக்கும் வேண்டும்.

ஆச்சியின் கண்ணில் மின்னும் அந்த ஒரு புள்ளி வெள்ளையை மட்டும் எந்த நாசிலாலும் வைக்கவில்லை. மூன்று மயிர்த் தூரிகையால் தொட்டு வைத்தேன்.