கட்டிங் சுமார், பெஞ்சு பிரமாதம்

மதுரையில் எங்கள் தெருமுனை சலூனுக்கு மீசை அரும்பாத வயதில் போகத் தொடங்கினேன். இப்போது கிருதாவில் நரை. இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். தினத்தந்தி முழுசாக யார் கையிலும் இருக்காது, ஆளுக்கொரு பக்கம்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிங் சுமார்தான். செல்போனில் எந்த நடிகர் படத்தைக் காட்டினாலும் அண்ணன் "செஞ்சிரலாம்" என்பார். முடித்துப் பார்த்தால் போன மாதத்துத் தலையேதான். ஷேவிங் மட்டும் வேறு ரகம். பிளேடை உறையோடு நடுவில் ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவார். தாடைக்குக் கீழே முடி சுழித்து வளரும் இடம் வந்ததும் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, பேச்சை நிறுத்துவார். அவர் வாய் மூடுகிற ஒரே நேரம் அதுதான். பிறகு நனைத்த படிகாரக் கல்லால் ஒரு தேய், சுள்ளென்று இருக்கும். சின்ன வயதில் தோல்வாரில் தீட்டிய கத்திதான் எல்லாருக்கும். எய்ட்ஸ் பற்றிப் பேச்சு பரவிய 1990களில்தான் இங்கே ஆளுக்கொரு பிளேடு வந்தது.

கழுத்துச் சொடக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெடுக்கென்று திருப்பினால் மூளைக்கு ரத்தம் போகும் குழாய் கிழிந்து பக்கவாதம்கூட வரலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

இனி பெஞ்சு. ஒரு மின்வாரிய லைன்மேன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், லோடு வேன் ஓட்டுகிற பையன் என்று என் சிநேகிதம் பாதி அங்கே பிடித்ததுதான். வேறெங்கே நாங்கள் நாலு பேரும் ஒரே இடத்தில் உட்காரப்போகிறோம்? வாத்தியாருக்குக் கண்புரை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது வேன் பையன். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் சவரம் செய்ய மாட்டார்கள், கடை காற்று வாங்கும். அப்போதும் லைன்மேன் தாடியும் கறுப்பு வேட்டியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். "என்ன சாமி, சும்மா டிரிம் பண்ணிருவமா?" என்று அண்ணன் வம்பிழுப்பார்.

கொரோனா சமயம், 2020 ஜூனில், சலூனுக்கு வருபவரின் பெயர், முகவரி, ஆதார் எண்ணை எழுதி வைக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. "இத்தன வருசமா தலையப் பிடிக்கிறேன், ஒங்ககிட்டயே நம்பர் கேக்க வச்சுட்டாய்ங்களே" என்று நோட்டை நீட்டினார் அண்ணன்.

தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் அவரோடு பேசினார். நல்ல காரியம்தான். எங்கள் கடையில் எடுபடாது. ஒருவர் பக்கத்தைப் புரட்டுவதற்குள் இன்னொருவர் பேச்சுக் கொடுத்துவிடுவார்.

எல்லா ஊர் சலூனையும் இப்படிப் புகழ மாட்டேன். பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுக்கும் ஊர்கள் இன்னமும் செய்தியில் வருகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெஞ்சுப் புராணம் எரிச்சலைத்தான் கிளப்பும்.

நடுவில் கொஞ்ச காலம் ஒரு ஏசி சலூனுக்குப் போய்ப் பார்த்தேன். ஆப்பில் நேரம் குறித்தால் நுழைந்ததும் நாற்காலி. கட்டிங் கச்சிதம், குறை சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கிற வேலையே இல்லாததால் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகம்கூட நினைவில் நிற்கவில்லை. கல்யாணம், இன்டர்வியூ என்றால் இன்றைக்கும் அங்கேதான் போவேன். மற்றபடி தெருமுனைதான்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் விடுமுறை. ஞாயிறு காலையில் போனால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். வெள்ளி, அமாவாசையில் கூட்டமே இருக்காது, உட்கார்ந்ததும் துண்டைப் போர்த்திவிடுவார். எனக்கு ஞாயிறுதான் தோது.