வெயில் தின்ற தேக்கு டெக்: எண்ணெயா, பி.யூ.வா?

திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் மொட்டை மாடியில் போட்ட தேக்கு டெக் (பலகைத் தளம்) இரண்டு மூன்று கோடையிலேயே சாம்பல் பூத்துவிடும். மரம் போய்விட்டது என்று பதற வேண்டாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேல்தோலின் லிக்னினை, அதாவது மர நாரைப் பிணைக்கும் பொருளை, சிதைத்திருக்கிறது, அவ்வளவுதான். லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பழைய நிறம் இருக்கும். சுத்தம் செய்தபின் எதைப் பூசுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மரத்துக்குள் ஊறும் எண்ணெயா, மேலே படலமாக நிற்கும் பி.யூ.வா (பாலியூரித்தேன் வார்னிஷ்)? எங்கள் டெக்குக்கு எண்ணெய்தான். கூரையில்லாத இடம் எதற்கும் அதையே சொல்வேன்.

எதைப் பூசினாலும் முன்வேலை ஒன்றுதான். சோப்புத் தண்ணீர் விட்டு, நைலான் பிரஷால் ரேகையோடு தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள் மரத்தில் தங்கினால் தேக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநீலப் புள்ளியாகிவிடும். ஆணியைச் சுற்றிக் கறுத்திருப்பதும் இதே சங்கதிதான். அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 80 முதல் 100 கிராம், பிளாஸ்டிக் வாளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசிவிடுங்கள். தொட்டிச் செடிகளை முதலிலேயே நகர்த்திவிடுவது நல்லது. பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மென்மையான பாகம் பறந்து, பலகை வரிவரியாகிவிடும். இரண்டு மூன்று நாள் காய்ந்தபின் 80, அடுத்து 120 நம்பர் உப்புத்தாள். அதற்கு மேல் நைசாக்கினால் எண்ணெய் இறங்காது.

பி.யூ. போட்ட அன்று பளபளப்புக்கு ஈடே கிடையாது. தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், துடைப்பதும் சுலபம். உள்ளறைக்கும் கூரை போட்ட வராந்தாவுக்கும் தாராளமாகப் போடலாம்.

வெட்டவெளியில் கதை வேறு. பலகை மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். படலத்தால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாது. முதலில் திருகு தலையிலும் பலகையின் வெட்டு முனையிலும் மயிரிழை வெடிப்பு விழும். ஐப்பசி மழை அந்த வழியாக இறங்கும். ஏறிய ஈரம் திரும்பி வர வழியிருக்காது. கோட்டிங்குக்கு அடியில் கருமை படரும், ஓரம் செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் மட்டும் பூசினால் திட்டு தெரியும், ஒட்டவும் ஒட்டாது. மொத்தத்தையும் வெறும் மரம் வரை இழைத்தெடுத்துத்தான் மறுபடி பூச வேண்டும். தூசும் கூலியும் அங்கேதான் ஏறுகிறது. ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் பலகையின் கனமும் குறைகிறது.

எண்ணெய் உரியாது, மங்கும். இந்த ஒரு குணத்துக்காகவே அதன் பக்கம் நிற்கிறேன். மங்கியதும் கழுவி, காயவிட்டு, மேலேயே இன்னொரு கை பூசலாம். ஒரே ஒரு பலகைக்குக்கூடப் பூசலாம். நம் வெயிலுக்கு வருடம் ஒருமுறை, தெற்குப் பார்த்த டெக்கானால் இரண்டு முறை. வேலை அடிக்கடி வரும், ஆனால் சின்ன வேலை.

வெறும் ஆளிவிதை எண்ணெய் வேண்டாம். சென்னை ஈரக்காற்றில் பூஞ்சை அதைத் தின்று கறுக்க வைக்கும். பூஞ்சைத் தடுப்பும், வெயிலைத் தடுக்கும் நிறமியும் சேர்ந்த டெக் ஆயிலாக வாங்குங்கள். நிறமே இல்லாத ஆயில் சாம்பலைத் தடுக்காது. நூறு சதுர அடிக்கு முதல் கைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்; ரொம்ப வறண்ட மரம் இன்னும் குடிக்கும். வெட்டு முனைகளுக்கு இரண்டு மடங்கு கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே தேங்கியதைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தே ஆக வேண்டும். விட்டால் பிசுபிசுத்து, தெருத்தூசி முழுக்க அதில்தான் உட்காரும். துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள். எண்ணெய் உலரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

இதெல்லாம் தேக்குக் கணக்கு. தெர்மோ பைன் (சூட்டில் பதப்படுத்திய பைன் மரம்) பலகையானால் ஓரத்தில் ஒரு துண்டில் பூசிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். எதுவானாலும் தை, மாசியில் காலை எட்டு மணிக்குள் ஆரம்பியுங்கள். சூடேறிய பலகையில் எண்ணெய் ஊறும் முன்பே இறுகிவிடும்.