மூழ்கினாலும் பிழைக்கும் நெல்லா, தங்க அரிசியா?

மரபணு என்று சொன்னாலே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த அறிவில் விளைந்த இரண்டு நெல்லை அருகருகே வைத்துப் பாருங்கள், கதை வேறாக இருக்கும்.

முதலில் சப்1, மூழ்கினாலும் பிழைக்கும் நெல். சம்பா நட்டு ஒரு மாதம் ஆன வயல், கார்த்திகை மழையில் மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நெல் எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும் என்று இலையை நீட்டிக்கொண்டே போகும். சேர்த்து வைத்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சேறு அப்பிய தாள்கள் சாய்ந்து கிடக்கும். பிடித்து இழுத்தால் அழுகிய தண்டு கையோடு வரும். சப்1ஏ மரபணு உள்ள பயிர் அப்படி அவசரப்படாது. வளர்ச்சியை நிறுத்தி, சத்தை மிச்சம் பிடித்து, சுமார் இரண்டு வாரம் தாங்கும். தண்ணீர் வடிந்ததும் அடிக்குருத்திலிருந்து புது இலை விடும்.

அந்த மரபணு வந்தது ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ ரகத்தில் இருந்து. 2006இல் அதை அடையாளம் கண்டார்கள். டிஎன்ஏ குறியீடுகளை வைத்துத் தேடித் தேடி சுவர்ணா என்ற ரகத்தோடு கலப்பு செய்து, 2009இல் சுவர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. நெல்லுக்கு வெளியே இருந்து எதையும் நுழைக்காததால் மரபணு மாற்றுப் பயிருக்கான அனுமதி தேவைப்படவில்லை. நம் டெல்டாவுக்கு சிஆர் 1009 சப்1 வந்தது. பழைய சிஆர் 1009 ரகத்தின் அதே இட்லிக் குண்டு அரிசிதான். விதையையும் எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம்.

தங்க அரிசி, அதாவது கோல்டன் ரைஸ், வயலில் விளையும் மருந்து. வைட்டமின் ஏ இல்லாமல் பார்வை போகும் குழந்தைகளுக்காக இங்கோ பொட்ரிகஸ், பீட்டர் பேயர் இருவரும் உருவாக்கி 2000இல் அறிவித்தார்கள். டாஃபோடில் பூ, மண் பாக்டீரியா இரண்டின் மரபணுக்களும் அதில் இருந்தன. 2005இல் டாஃபோடிலுக்குப் பதில் மக்காச்சோள மரபணுவை வைத்ததும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் பல மடங்கு கூடியது. பிலிப்பைன்ஸ் 2021இல் பயிரிட அனுமதி தந்தது; 2024இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஒன்றைத்தான் எடு என்றால் நான் சப்1 பக்கம். தங்க அரிசி விஷம் என்பதால் அல்ல. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகளும் அதை ஆராய்ந்து, சாப்பிடுவதில் ஆபத்தில்லை என்றே சொல்லியிருக்கின்றன. ஆனால் வைட்டமின் ஏ குறைக்கு முருங்கைக்கீரை, பப்பாளி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து என்று வேறு வழிகள் உண்டு. மூழ்கிய வயலுக்கு வேறு என்ன இருக்கிறது? அதேசமயம், தட்டில் வெறும் சோறு மட்டுமே விழும் வீட்டுக்கு இந்த அரிசி இத்தனை வருடமாகியும் போய்ச் சேராதது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், சப்1 வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விதை முளைக்கும்போதோ பூக்கும் சமயத்திலோ மூழ்கினால் இது காப்பாற்றாது. முழங்கால் அளவுத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நின்றாலும் அப்படித்தான். நேரடி விதைப்பு என்றால் மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரி வையுங்கள்.