தனுஷ்கோடியில் பறவை பார்க்க: கோதண்டராமர் கோயில் காயலா, அரிச்சல்முனையா?

மார்ச் முதல் வாரத்தில் ராமேசுவரம் தீவுக்கு இரண்டு நாள் போனால் இந்தக் கேள்வி வரும். பூநாரைதான் குறி என்றால் காயல். ஆலா (tern), கடற்காகம் (gull) என்றால் தீவின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை.

காயலில் நீர் முழங்காலுக்கும் கீழே இருக்கும் இடங்களில்தான் பூநாரை பெரும்பாலும் மேயும். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அலசி, காலால் மிதித்துக் கிளறும். இங்கே ஓதம் (கடல்நீர் மட்டம்) பெரிதாக ஏறி இறங்காது. காற்றுதான் நீரை ஒரு பக்கம் தள்ளும். நேற்று இருந்த கூட்டம் இன்று எதிர்க்கரையில் நிற்பது அதனால்தான். காலையில் சூரியனை முதுகுக்கு வைத்து மேற்கே பாருங்கள். சேற்றில் இறங்காதீர்கள்: கால் புதையும், பறவைகள் தலையைத் தூக்கி நடக்க ஆரம்பித்தாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பத்து மணிக்கு மேல் கானல் அலை ஆடும். 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பும் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வீண், 20-30 மடங்கு போதும்.

அரிச்சல்முனை ராமேசுவரம் ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. விடிந்ததும் போய்விடுங்கள், சுற்றுலா வண்டிகள் வந்தபின் மணல்திட்டில் இருக்கும் ஆலாக்கள் எழுந்துவிடும். காற்று பலம். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்கவிடுங்கள். லென்ஸில் மணல் படிந்தால் துடைக்காமல் முதலில் ஊதுங்கள், இல்லாவிட்டால் கீறும். சாயங்காலம் சோதனைச்சாவடியில் உள்ளே விடமாட்டார்கள்.

ஒரே காலைதான் கையில் என்றால் காயலுக்கே என் ஓட்டு.