தண்டையார்பேட்டையில் அம்மாவின் யூரின் மாத்திரை

ஊருக்கு வந்தால் பல் டாக்டர், கண்ணாடிக் கடை, பாங்க் என்று ஒரு சுற்று எப்போதும் உண்டு. இந்தத் தடவை அதெல்லாம் பின்னால் போய்விட்டது. எழுபது தாண்டிய அம்மா, வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிறவள், மாசக்கணக்கில் வாசல்படி தாண்டவில்லையாம். கேட்டால் முட்டிவலி. ராத்திரி அவள் எழுந்து எழுந்து பாத்ரூம் போவதைப் பார்த்துவிட்டுக் குடைந்த பிறகுதான் உண்மை வந்தது. "வந்தா அடக்க முடியலடி. பாத்ரூம் கதவைத் தொடுறதுக்குள்ளயே ஆயிடுது. பஸ்ல மானம் போறதுக்கு வீட்லயே கெடக்கலாம்."

எனக்கும் இதே தொல்லை உண்டு. லண்டனில் சொலிஃபெனாசின் சாப்பிடுகிறேன், சிறுநீர்ப்பையைத் தளர்த்தி அவசரத்தைக் குறைக்கிற மாத்திரை. அங்கே டாக்டர் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. குறைந்தது 6 வாரம் பிளாடர் டிரெய்னிங், அதாவது பாத்ரூம் போகிற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுப் பழகுவது. அதற்கப்புறம்தான் மருந்துச் சீட்டு. இங்கே கதை நேர் எதிர். பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு அம்மா தெருமுனை மெடிக்கலில் "யூரின் மாத்திரை" கேட்டிருக்கிறாள். சீட்டும் கேட்காமல், யூரின் டெஸ்ட்டும் இல்லாமல், கிருமிக்கான ஆன்டிபயாடிக்கை நீட்டியிருக்கிறார்கள். கிருமியே இல்லாத சிறுநீர்ப்பையில் அது என்ன செய்யும்? போதாததற்குத் தண்ணீரையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். டீ மட்டும் குறையவில்லை, அது தனிக் கணக்கு.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி, அதாவது சிறுநீர்க் கோளாறுகளுக்கான ஓ.பி. இருக்கிறது, காசும் கிடையாது. ஆனால் காலையில் வரிசையில் நிற்க அம்மா மறுத்துவிட்டாள். அவள் நிலைமையில் வரிசைதானே பயம். அதனால் சாயங்கால கிளினிக். போன் செய்தால் டோக்கன், அன்றைக்கே டாக்டர். லண்டனில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க மாசக்கணக்கில் காத்திருக்கிற எனக்கு இது சொர்க்கம்.

"எத்தனை வாட்டி போறீங்கம்மா? தும்மினா வருதா, இல்ல அவசரம் வந்து ஓடுறப்ப வருதா?" டாக்டர் கேட்ட இந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. தும்மும்போது, இருமும்போது கசிவது வேறு கோளாறு; அதற்கு இந்த மாத்திரைகள் உதவாது. யூரின் டெஸ்ட், சர்க்கரை, ஸ்கேன் எழுதினார். எது எப்போது என்று மூன்று நாள் நோட்டில் குறித்து வரவும் சொன்னார்.

ஸ்கேன் சென்டரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வாங்க என்றார்கள். சரி. வந்த பிறகு, "வெயிட் பண்ணுங்க, உள்ள ஆள் இருக்காங்க." அடக்க முடியாது என்பதற்காகவே வந்திருக்கிற பொம்பளையை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னால்? அம்மா நாற்காலி நுனியில், முந்தானையைக் கசக்கிக்கொண்டு, சுவரில் இருந்த குழந்தை காலண்டரையே முறைத்தாள். கவுன்டரில் நான் குரலை உயர்த்தின பிறகுதான் முதலில் அனுப்பினார்கள். இந்த நோய்க்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் உள்ளே நுழையும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். போய்விட்டு வந்ததும் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இன்னொரு தடவை பார்ப்பார்கள். அந்த அளவை விட்டுவிடாமல் கேட்டு வாங்கணும். நிறைய மிச்சம் இருந்தால் இந்த மாத்திரைகள் சிறுநீரை ஒரேயடியாக அடைத்துவிடலாம். அம்மாவுக்கு 50 மி.லி.க்குக் கீழே. நிம்மதி.

டாக்டர் முதலில் கை வைத்தது புது மருந்தில் இல்லை, பழைய மருந்தில். அம்மாவின் பிபி மாத்திரையில் சிறுநீர் பிரிக்கிற மருந்தும் கலந்திருக்கிறது. அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தாள். "இதைக் காலையில மாத்துங்க" என்றார். அந்த ஒரு வரியிலேயே ராத்திரித் தூக்கம் கொஞ்சம் திரும்பிவிட்டது.

நான் சாப்பிடுகிற மருந்தையே எழுதச் சொல்லிக் கேட்டேன். தலையாட்டவில்லை. சொலிஃபெனாசின், ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின் எல்லாம் ஒரே வகை: வாய் உலரும், மலம் கட்டும், வயசானவர்களுக்கு மறதி, குழப்பம் வரலாம், கண்ணில் ஒருவகை கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் ஆகாது. அம்மா ஏற்கெனவே சாவியைத் தேடுகிற ஆள். மிராபெக்ரான் 25 மி.கி. எழுதினார். வேறு வழியில் பையைத் தளர்த்துகிற மருந்து. வாய் உலருவது குறைவு, ஆனால் பிபியை ஏற்றக்கூடும், அதனால் பிபியை அடிக்கடி பார்க்கணும். 180/110 என்று கட்டுக்கடங்காமல் இருந்தால் தொடவே கூடாது. முழுசாக விழுங்கணும், உடைக்கவோ மெல்லவோ கூடாது. அம்மாவுக்கு எந்த மாத்திரையையும் இரண்டாக உடைக்கிற பழக்கம். அதை மட்டும் தனியாக மிரட்டிவிட்டுப் போனார். முழுப் பலன் தெரிய 8 வாரம் ஆகலாமாம்.

இந்தத் தடவை வேறு மெடிக்கலுக்குப் போனேன். கடைத் தம்பி சீட்டைப் படித்துவிட்டு, "அக்கா, அம்மா வேற என்ன மாத்திரை போடுறாங்க?" என்று கேட்டான். இதயத்துக்கு மெட்டோப்ரோலால் போடுகிறவர்களுக்கு மிராபெக்ரானோடு அந்த மெட்டோப்ரோலாலின் அளவு உடம்பில் கூடலாம் என்பதால்தான் அந்தக் கேள்வி. கேட்டவனுக்கு ஒரு கும்பிடு. ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுகிறது. விலை குறைந்ததைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்கள். அட்டையைக் கத்தரித்து வாங்கினால் எக்ஸ்பயரி தேதி இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான பிபி, சர்க்கரை மாத்திரைக்கு 2025 பிப்ரவரியில் அரசு ஆரம்பித்த, விலை குறைந்த மருந்துக்கடையான முதல்வர் மருந்தகத்தையும் ஒரு எட்டு பார்க்கலாம்.

எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எந்த மாத்திரையும் காப்பாற்றாது. அதனால் பஸ்ஸை விட்டுவிட்டோம். 2021ல் விம்கோ நகர் வரை நீட்டின மெட்ரோவில் ஸ்டேஷனுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. இப்போது அம்மா தண்டையார்பேட்டையில் ஏறுமுன் ஒரு தடவை, திருவொற்றியூர் தேரடியில் இறங்கியதும் ஒரு தடவை போய்விட்டுத்தான் கோயிலுக்கு நடக்கிறாள். பிபி நோட்டு அண்ணன் பொறுப்பு. அடுத்த செக்கப்பில் 25ஆ 50ஆ என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.